கோணல் தையல்

அத்தியாயம் 6

மிரெல்லா கொல்சானி சோபாவில் உட்காரவில்லை. அதற்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தாள்.

வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். பழுப்புக் காலுறை, தட்டைச் செருப்பு. பக்கத்தில் டார்ச் லைட்டோடு துல்லியோ நின்றிருந்தான். துப்பறியும் உதவியாளர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தாலும், நாற்பத்து மூன்று வயதில் அவன் பார்க்கிற வேலை டார்ச் பிடிப்பதும் கார் ஓட்டுவதும்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நாற்காலி விற்றவன். நாள் முழுக்க நின்றுகொண்டே நாற்காலி விற்பதைவிட மோசமான பிழைப்பு உலகத்தில் இல்லை என்பது அவன் கட்சி.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் வால்நெக்ரி.

அம்ப்ரோஜோ வால்நெக்ரிக்கு எழுபது வயது. லிசோனே ஊரில் பாதிப் பேர் அவர் கம்பெனியில் சோபா செய்தவர்கள். மீதிப் பேர் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள். ஷோரூம் நடுவில், கயிறு கட்டிய மேடையில் அவருடைய மானம் மரியாதை எல்லாம் ஐந்து மெத்தைகளாக உட்கார்ந்திருந்தது.

"மேடம் கீழ போனா லேசுல வரமாட்டாங்க சார்," என்றான் துல்லியோ. "போன வாரம் ஒரு அலமாரிக்குள்ள போனாங்க. நான் சாப்ட்டுட்டு வந்துதான் கதவத் திறந்துவிட்டேன்."

வால்நெக்ரி சிரிக்கவில்லை. துல்லியோவும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது நடந்ததுதான்.

அந்த சோபாவின் பெயர் நெம்போ. மழைமேகம் என்று அர்த்தம். மெல்லிய எஃகுக் கால்கள், அதன்மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஐந்து குண்டு மெத்தைகள். கைப்பிடி கிடையாது. சாய்மானம் இடுப்போடு சரி. 1966-இல் லெயோனிதா சர்த்திரானா என்ற ஆர்க்கிடெக்ட் வரைந்தது. ஏரிக்கு மேல் நின்ற மேகங்களைப் பார்த்து வந்த யோசனை என்று அவர் பேட்டி கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதை நம்பிப் பல நாட்டுப் பேராசிரியர்கள் முந்நூறு பக்கம், நானூறு பக்கம் என்று மேகத்தைப் பற்றி எழுதினார்கள். லிசோனேக்காரர்கள் மட்டும் அதைப் பார்த்த முதல் நாளிலிருந்து 'ஐந்து ரொட்டி' என்றே சொல்லி வருகிறார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

இப்போது மிலான் மியூசியம் ஒன்றுக்கு உலகத்தின் முதல் நெம்போ வேண்டுமாம். இதுதான் அது என்கிறார் வால்நெக்ரி. இரண்டு மாதத்துக்கு முன் ரொட்டிக்கடை செசிரா, "எங்க மாடில பழசு ஒண்ணு கிடக்கு, வந்து பாருங்க" என்று மியூசியத்துக்கு ஒரு கடுதாசி போட்டாள். வால்நெக்ரி போலீசுக்குப் போனார். கோர்ட் நியமித்த நிபுணர் செசிராவின் சோபாவைப் பார்த்தார். தையல் கன்னாபின்னாவென்று ஓடியிருந்தது. லிசோனே இருக்கும் பிரியான்சா வட்டாரத்தின் எந்தப் பட்டறையிலிருந்தும் இப்படி ஒரு தையல் வெளியே வந்திருக்க முடியாது, ஆகவே போலி என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். இன்று வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்கு, கோர்ட் கிடங்கில், அந்த சோபாவை இயந்திரத்தில் போட்டு நொறுக்கப்போகிறார்கள். அது நொறுங்கிவிட்டால் செசிரா சாகும்வரை போலி செய்தவள்தான். சாட்சி சொல்ல அந்த சோபாவும் இருக்காது.

மிரெல்லா வெளியே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது, தலைமுடியில் தூசு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் மரச்சாமான் மதிப்பிட்டவள், இப்போது செசிராவுக்காகத் துப்பறிகிறவள். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அதனால் அவளை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

"ரொம்ப அழகு," என்றாள்.

வால்நெக்ரியின் முகம் மலர்ந்தது. "உலகமே அதைத்தான் சொல்லுது."

"மேல இல்ல சார். அடியில. அடித்துணிய ரெட்டையா மடிச்சிருக்கு. ஆணிக்கு ஆணி ரெண்டு விரல் இடைவெளி. ஒரு இடத்துல கூடப் பிசகல."

"எஜிதியோ தெர்ரானேயோ கை. எங்க மாஸ்டர். ரிட்டயர் ஆயிட்டார். பலகையிலயே எழுதியிருக்கு பாருங்க."

மேடைக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை இருந்தது. 'முதல் நெம்போ. 1966 ஆகஸ்ட் 8 முதல் 20 வரை, இதே தொழிற்கூடத்தில், மாஸ்டர் எஜிதியோ தெர்ரானேயோவின் கையால் உருவானது.'

"தேதி எங்க கற்பனை இல்ல," என்றார் வால்நெக்ரி. "ஆர்க்கிடெக்ட் டைரியில இருக்கு. எல்லாப் புத்தகத்துலயும் அச்சாகியிருக்கு. எவனாலயும் அசைக்க முடியாது."

மிரெல்லா பலகையை இரண்டு முறை படித்தாள். "ஆகஸ்ட்ல வீட்ல எல்லாரும் எங்க போவீங்க சார்?"

"சர்தீனியா தீவுக்கு. ஏன்?"

"சும்மாதான். வெயில் உடம்புக்கு ஒத்துக்குதா?"

"ஒத்துக்குது," என்றார் வால்நெக்ரி குழப்பமாக.

"சந்தோஷம்," என்றாள் மிரெல்லா.

*

வெளியே நவம்பர் பனிமூட்டம். துல்லியோ தன் பழைய காரை இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். மூன்றாவது கியர் செவ்வாய்க்கிழமையிலிருந்து விழவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். அடிப்பக்கம் நல்லா இருந்தா அது ஒரு குத்தமா?"

"ஒரு புது டிசைனோட முதல் பீஸ் எப்படி இருக்கும்னு நெனைக்கிற? எங்க ஆணி அடிக்கணும்னு யாருக்கும் தெரியாது. அடிப்பான், பிடுங்குவான், தள்ளி அடிப்பான். பலகை முழுக்க ஓட்டையா இருக்கும். இதுல அதிகப்படியா ஒரு ஓட்டை கெடையாது. முதல் தடவையே ஒரு தப்பும் பண்ணாம ஒருத்தர் செஞ்சு முடிச்சிருக்கார்."

"என் முதல் கல்யாணத்துல கூட அப்படி நடக்கல."

"ரெண்டாவதுலயும் நடக்கல," என்றாள் மிரெல்லா. "ரொட்டிக்கடைக்குப் போ."

செசிராவின் கடையில் பதினோரு மணிக்கு வழக்கமாக வரிசை நிற்கும். இன்று இரண்டே பேர் இருந்தார்கள். அதிலும் ஒருவர் ரயில் நிலையத்துக்கு வழி கேட்க வந்தவர். லிசோனேயில் பெண்டாட்டியை விட்டு ஓடினவனை மன்னித்துவிடுவார்கள். வரி கட்டாதவனோடு காபி குடிப்பார்கள். போலி சோபா செய்தவளிடம் மட்டும் ரொட்டி வாங்கமாட்டார்கள்.

செசிராவுக்கு நாற்பத்தாறு வயது. முழங்கை வரை மாவு, கண் சிவந்திருந்தது.

"நாலு மணிக்கு நொறுக்கிடுவாங்களா மேடம்?"

"இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. அழறத அப்புறம் பாத்துக்கலாம். கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"நான் போலி பண்ணினேனாம்! எனக்கு ஒரு பட்டன் தைக்க வராது மேடம். அந்த நிபுணர்கிட்ட சொன்னேன், 'அதான் தையல்லயே தெரியுதே'ங்கறார்."

துல்லியோ தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "உங்கம்மாவுக்குத் தைக்க வருமா?"

ஒரு வாரத்தில் முதல் தடவையாக செசிரா சிரித்தாள். "எர்சிலியாவுக்கா? மாவு பிசையறதுல எங்கம்மாவ மிஞ்ச ஆளில்ல. ஊசியத் தொட்டா போச்சு. எனக்கு ஸ்கூலுக்கு, உடுப்பு மேல போட்டுக்க ஏப்ரன் தைச்சுக் கொடுத்தா. விளிம்பு மலைப்பாதை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் அத வாய்க்கால்ல வீசிட்டு, தொலைஞ்சுபோச்சுன்னு வந்து சொன்னேன். அவ ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம் என் கண்ணு முன்னால அவ ஊசிய எடுத்ததே இல்ல." சிரிப்பு நின்றது. "போயி ஆறு வருஷமாச்சு."

"சோபா எப்ப வந்துச்சு?"

"அறுபத்தாறு கோடையில. எனக்குப் பதினாலு வயசு. அப்ப நான் இங்க இல்ல, மலையில அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. செப்டம்பர்ல திரும்பி வந்து பாத்தா அடுப்பு ரூமுக்கு மேல கிடக்கு. மாடியில வாடகைக்கு இருந்த ஆர்க்கிடெக்ட் சர்த்திரானா விட்டுட்டுப் போனதுன்னு அம்மா சொன்னா. அப்பா மத்தியானத்துல அதுல தூங்குவார். 'யாரும்மா இவ்வளவு கோணலா தைச்சது'ன்னு நான் கேட்டேன். 'தைக்கத் தெரியாத யாரோ'ன்னா."

"குடும்பத்தோட கடலுக்குப் போகாம உன்ன மட்டும் ஏன் அத்தை வீட்டுக்கு அனுப்பினாங்க?"

"எப்படிப் போறது? அந்த வருஷம் ஆகஸ்ட் முறை எங்களுக்குல்ல?"

துல்லியோ மெல்லுவதை நிறுத்தினான். ஆகஸ்ட் வந்தால் பிரியான்சாவில் பட்டறை, கடை, கம்பெனி எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஊரில் மிச்சம் இருப்பவர்கள் நோயாளிகளும் கன்னியாஸ்திரீகளும்தான். அவர்களுக்கு ரொட்டி வேண்டுமே என்று நகராட்சி முறை வைத்து ஒரே ஒரு ரொட்டிக்கடையைத் திறந்து வைக்கச் சொல்லும். அந்த மாதம் ஒரு சோபா கம்பெனியில் வேலை நடந்தது என்பதும் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் மாட்டுவண்டியில் போனது என்பதும் இந்த ஊரில் ஒன்றுதான்.

"மேடம்," என்றான். "அந்தப் பித்தளைப் பலகை..."

"சாப்பிடு," என்றாள் மிரெல்லா. "வாயத் திறக்காம சாப்பிடு."

"முப்பத்திரண்டு வருஷமா புத்தகத்துல இருக்கே. ஒருத்தரும் கண்டுபிடிக்கலயா?"

"புத்தகம் எழுதினவங்க ஆகஸ்ட்ல வேலை பாக்கற ஊர்க்காரங்க. ஆகஸ்ட்ல வேலை பாக்காத ஊர்க்காரங்க அந்தப் புத்தகத்தப் படிக்கல." அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள். நேற்று கிடங்கில் செசிராவின் சோபாவுக்கு அடியில் படுத்து எடுத்தது. நிபுணர்கள் குனிவதில்லை, அதனால் அவர் இதைப் பார்க்கவில்லை. கிழிந்த அடித்துணி வழியாக உள்ளே வெள்ளைச் சாக்குத் துணி, அதில் மங்கிய நீலத்தில் மூன்று கோபுரம். "இது என்ன தெரியுதா?"

"மாவு மூட்டைத் துணி மேடம். மூணு கோபுரம் மில். அது அறுபத்தேழுல தீப்பிடிச்சு மூடிட்டாங்களே. புது மில் மாவு உப்பவே மாட்டேங்குதுன்னு அப்பா ஒரு மாசம் திட்டிக்கிட்டே இருந்தார்."

"மாவு தொட்டியில ஒரு தடவைக்கு எத்தனை ரொட்டி வைப்பீங்க?"

"அஞ்சு. அஞ்சுதான் கொள்ளும்."

"வெச்சுட்டு?"

"துணி போட்டு மூடி வைப்போம், உப்பறதுக்கு." செசிரா திரும்பிச் சுவரோரம் இருந்த நீளத் தொட்டியைக் காட்டினாள்.

கெட்டித் துணிக்குக் கீழே ஐந்து குண்டு மேடுகள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருந்தன. துல்லியோ கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"நானூறு பக்கம்," என்றான். "மேகத்தப் பத்தி."

மிரெல்லா போட்டோவைப் பைக்குள் வைத்தாள். "இது போதாது. பழைய சாக்கு வாங்கித் தைச்சுட்டாங்கன்னு வால்நெக்ரியோட வக்கீல் சொல்லுவார். முறை வெச்ச பேப்பரக் காட்டினா, அந்த ஒரு வருஷம் மட்டும் கம்பெனியத் திறந்தோம்பாங்க. ஒரு ஆளோட வாய்தான் வேணும். மணி என்ன?"

"பன்னெண்டு அஞ்சு."

"அப்ப மாஸ்டர் சீட்டாட உக்காந்திருப்பார்."

*

ஸ்டேஷன் எதிரில் இருந்த பாரில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சேர்ந்து வெந்த வாசனை வாசலிலேயே வந்து வரவேற்றது. துல்லியோவுக்குக் கால் அடுப்படிப் பக்கம் இழுத்தது. மிரெல்லா அவன் கோட்டைப் பிடித்துச் சீட்டு மேசைப் பக்கம் திருப்பினாள்.

நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர். சவப்பெட்டி செய்கிறவர். ஊர் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஸ்கலீசே. நான்காவது, எஜிதியோ தெர்ரானேயோ. அறுபத்தாறு வயது, தேய்த்த சட்டை, உதட்டோரத்தில் மூன்று பல் குச்சிகள். நாற்பது வருஷம் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு வாய் காலியாக இருந்தால் பிடிக்காது.

"மாஸ்டர், உங்களப் பாராட்டத்தான் வந்தேன்," என்றாள் மிரெல்லா.

"என்ன விஷயம்மா?" அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் நெம்போ நீங்க தைச்சதுதான்னு வால்நெக்ரி சார் பித்தளையிலயே எழுதி வெச்சிருக்கார்."

"எழுதியிருக்காங்க."

"உண்மைதானே?"

பல் குச்சிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயின. "பித்தளையில எழுதியிருந்தா உண்மைதான்."

"அப்ப சரி." மிரெல்லா ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். ரொட்டிக்கடை செசிராவோட சோபா இருக்கில்ல, அது போலி இல்ல. உள்ள இருக்கற சாக்கு அறுபத்தேழுல மூடின மில்லோடது. கம்பெனி நெம்போ விக்க ஆரம்பிச்சதே அறுபத்தேழு கடைசியில. அப்ப முதல் நெம்போ அதுதான். முதல் நெம்போவத் தைச்சது நீங்கன்னு பித்தளை சொல்லுது. ஆகவே..." அவள் இன்னொரு போட்டோவை எடுத்துச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். நடு மெத்தையின் பெரிய தையல், பக்கத்தளவுக்குப் பெரிதாக்கியது. "இது உங்க தையல்."

நான்கு தலைகளும் குனிந்தன.

அது நல்ல போட்டோ. நூல் இடது பக்கம் கிளம்பி, மனசு மாறி வலது பக்கம் போய், ஓர் இடத்தில் திரும்பி வந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலயே," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தெற்குக் கோடியில் இருக்கும் கலாப்ரியாக்காரர், சோபா செய்கிற ஊரில் பிறந்தவரில்லை. மற்ற மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "எஜிதியோ, அந்த வருஷம் உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் பெட்டிக்குள்ள துணி தைக்கறேன்," என்றார் சவப்பெட்டிக்காரர் மெதுவாக. "மூடினா முடிஞ்சுது, ஒருத்தனும் பாக்கப்போறதில்ல. நானே இப்படித் தைச்சதில்ல."

எஜிதியோவின் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்து.

"மியூசியத்துல வெக்கறப்ப உங்க பேரத்தானே போடணும்?" என்றாள் மிரெல்லா அன்பாக. "எழுத்துப் பிழை வரக்கூடாது. தெர்ரானேயோவுக்கு ரெண்டு 'ர்' தானே?"

பல் குச்சிகள் மேசையில் விழுந்தன.

"இது என் தையலா?" எஜிதியோ எழுந்து நின்றார். "இதுவா? நாற்பது வருஷம் ஊசி புடிச்சவன்மா நான்! எங்கப்பா ஊசி புடிச்சவர்! இந்தக் கண்றாவி என் தையலா?"

"பித்தளை சொல்லுது மாஸ்டர். ஆகஸ்ட் எட்டுலேருந்து இருபது வரைக்கும்."

"ஆகஸ்ட்ல நான் ரிமினி கடற்கரையில இருந்தேன்! அறுபத்தாறுலயும் ரிமினி, அறுபத்தேழுலயும் ரிமினி! மூணாவது வரிசை, பதினோராம் நம்பர் குடை! ஆகஸ்ட்ல பிரியான்சாவுல எவன்மா ஊசியத் தொடுவான்?"

"அதானே," என்றார் மருந்துக்கடைக்காரர். "நானும் பக்கத்துக் குடைதானே."

"அப்ப ஷோரூம்ல இருக்கறத யாரு தைச்சது?" என்றாள் மிரெல்லா. "அதுவும் நீங்க இல்லையா?"

"அது நான்! அதப் பாத்தீங்கல்ல? அடியில போய்ப் பாத்தீங்களா? அதுதான்மா என் கை! போன வருஷம் பிப்ரவரி பூரா உக்காந்து..."

அவர் அங்கே நின்றுவிட்டார். பார் முழுக்கவும் நின்றுவிட்டது. அடுப்படியில் கரண்டி மட்டும் ஒரு முறை பாத்திரத்தில் பட்டது.

இன்ஸ்பெக்டர் ஸ்கலீசே தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "நான் இப்ப டியூட்டியில இல்ல," என்றார். "சாப்பாட்டு நேரம். ஆனா காத வீட்ல கழட்டி வெச்சுட்டு வரல. உக்காருங்க எஜிதியோ."

எஜிதியோ உட்கார்ந்தார். முகத்தில் கோபம் வடிந்து, வேறொன்று வந்திருந்தது. துல்லியோவுக்கு அது நிம்மதி போலத் தெரிந்தது.

"மியூசியத்துலேருந்து லெட்டர் வந்துச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "முதல் பீஸ் கம்பெனிகிட்ட எப்பவுமே இருந்ததில்ல. முதலாளி என்னக் கூப்பிட்டு, 'ஒண்ணு பண்ணு, பழசா பண்ணு, கொஞ்சம் மோசமா பண்ணு'ன்னார். ரொட்டிக்காரம்மாவ மாட்டிவிடப்போறாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பழைய துணி எடுத்தேன். எஃகுக் காலத் துருப்புடிக்க வெச்சேன். தையலக் கோணலாத்தான் போட்டேன், சத்தியமா போட்டேன். ஒரு நாள் பூரா கஷ்டப்பட்டு. மறுநாள் காலையில வந்து பாத்தேன். மனசு கேக்கல. பிரிச்சுட்டு நேராத் தைச்சுட்டேன்." அவர் பல் குச்சிகளைப் பொறுக்கினார். "முதலாளி என்னக் கொன்னுடுவார்."

"என்கிட்ட வந்துடு," என்றார் சவப்பெட்டிக்காரர். "உனக்கு விலையில பாத்துச் செய்யறேன்."

*

அரசு வக்கீல் இரண்டரை மணி வரை சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதி, எஜிதியோ அதன் அடியில் அழகான கையெழுத்தில் பெயரைப் போட்டு, ஃபேக்ஸ் போய்த் திரும்பி வர மூன்றேகால் ஆனது. நடுவில் துல்லியோவுக்கு ஒரு தட்டு பன்றிக்கறி கிடைத்தது. அவன் அதை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

அவன் போய் செசிராவை ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. செசிரா கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்தாள்.

கிடங்குக்காரன் வியாழக்கிழமைகளில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறவன். அந்த நல்லெண்ணத்தில், நான்கு எஃகுக் கால்களையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டு, மெத்தைகளோடு பலகையை இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் ஏற்றியிருந்தான். இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் முன்னாலேயே வந்துவிட்ட மிரெல்லா அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் அவன் மூக்குக்கு முன்னால் ஃபேக்ஸ் தாளைப் பிடித்திருந்தார்.

"நாலு மணின்னு போட்டிருந்தா நாலு மணி," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ என்ன எங்க கலாப்ரியாக்காரனா, நேரத்துக்கு முன்னாடி வேலை பாக்கறதுக்கு?"

இயந்திரம் நின்றது. எல்லாருமாகச் சேர்ந்து பலகையை இறக்கித் தரையில் வைத்தார்கள். கால் இல்லாமல், சிமெண்ட் தரையில், ஐந்து ரொட்டி என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இருக்க வழியே இல்லை.

"பொழச்சுதா?" என்றாள் செசிரா.

"பொழச்சுது. நீயும் பொழச்ச," என்றாள் மிரெல்லா. "முதல் நெம்போ இதுதான். கேஸ் நாளைக்குக் காலையில முடிஞ்சுடும். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. துல்லியோ, டார்ச்."

துல்லியோ நடு மெத்தையின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தான்.

"ஆகஸ்ட்ல ஊர்ல ஒரு குஷன் மாஸ்டர் கூட இல்ல. செப்டம்பர்ல மரச்சாமான் கண்காட்சி, அதுக்குள்ள சோபா தயாராகணும். ஆர்க்கிடெக்ட் கையில காசு இல்ல, கடலுக்கும் போகல. மாடியிலேருந்து இறங்கி வந்து உங்க தொட்டியப் பாத்தார். துணி கெடச்சுது, மாவு சாக்கு கெடச்சுது. தைக்க ஆள் வேணும். ஊர்ல திறந்திருந்த கடை ஒண்ணே ஒண்ணுதான்." மிரெல்லா தையலைத் தொடவில்லை. காட்டினாள், அவ்வளவுதான். "இந்த விளிம்ப நீ முன்னாடி எங்கயாவது பாத்திருக்கியா செசிரா?"

செசிரா முழங்காலிட்டாள். மாவு காய்ந்த விரலை வைத்து, நூல் போன வழியெல்லாம் போனாள். இடது பக்கம், வலது பக்கம், திரும்பி வந்து நின்ற முடிச்சு. அந்த முடிச்சில் விரல் நின்றுபோனது.

"ஏப்ரன்," என்றாள்.

விரலை முடிச்சிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"தைக்கத் தெரியாத யாரோன்னு சொன்னாளே... அவதானா? முப்பத்திரண்டு வருஷம் தலைக்கு மேலயே கிடந்துச்சு. ஒரு நாள் கூட நான்தான்னு அவ சொல்லலயே."

வாசல் பக்கமிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. எஜிதியோ தொப்பியோடு நின்றிருந்தார். அவரைத் தனியாக விடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பிலேயே கூட்டி வந்திருந்தார்.

"அதுக்குக் காரணம் நான்தாம்மா," என்றார். "செப்டம்பர்ல ரிமினியிலேருந்து வந்தேன். அளவெடுக்கணும்னு ஆர்க்கிடெக்ட் என்ன உங்க கடை மாடிக்குக் கூட்டிட்டுப் போனார். நான் தையலப் பாத்துட்டு, 'எந்தக் கழுதை இதத் தைச்சுது?'ன்னு சத்தமாக் கேட்டேன். கதவுகிட்ட ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க, கையெல்லாம் மாவு. ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. ஆர்க்கிடெக்ட் என்னயே பாத்துட்டிருந்தார். அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மன்னிப்புக் கேட்டிருக்கணும். வேலை இருந்துச்சு, கிளம்பிட்டேன்."

செசிரா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் தள்ளிப்போட்ட அழுகையை அழுதாள். துல்லியோ ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று தேடிப் பார்த்தான். கடைசியில் டார்ச்சை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

எஜிதியோ பக்கத்தில் வந்து, மூட்டு சொடக்கிட, மெத்தைக்கு முன்னால் குந்தினார். கோட்டின் உள்பையிலிருந்து வளைந்த ஊசி ஒன்றையும் நூற்கண்டையும் எடுத்தார். எங்கே போனாலும் அவை அவரோடு போகும் போலிருக்கிறது.

"பத்து நிமிஷம் கொடும்மா," என்றார் கெஞ்சலாக. "மியூசியத்துல நாலு பேர் பாக்கப்போற பொருள். இந்த ஒரு விளிம்ப மட்டும் நேராக்கிடறேன். பழைய ஓட்டை வழியாவே போயிடுவேன், ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கு நான் செய்யவேண்டியது இது."

செசிரா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு அவர் கையை, ஊசியோடு சேர்த்து, மெத்தையிலிருந்து எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"ஊசிய உள்ள வைங்க மாஸ்டர். அது எங்கம்மா தைச்சது."

எஜிதியோ ஊசியை உள்ளே வைத்தார். அப்புறம் தொப்பியையும் கழற்றினார்.